கடைசி வீட்டு மீட்டர்

ஜனவரி 5, திங்கள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்கள் வளவில் வரிசையாக வாடகைக்கு விட்டிருக்கும் நான்கு வீட்டுக்கும் இன்று தண்ணீர் மீட்டர் வைத்தாகிவிட்டது.

ஆழ்குழாய் வற்றியபின் லாரித் தண்ணீர்தான் எங்களுக்கு. தரைத்தொட்டியில் இறக்கி, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஒரே குழாயில் வளவுக்குள் விடுகிறோம். குழாய் முதல் வீட்டில் தொடங்கிச் சரிவில் இறங்கிக் கடைசி வீட்டில் முடிகிறது. இதுவரை தண்ணீர்க் காசை நான்காக வகுத்து வாங்கினேன். முதல் வீட்டு லில்லி டீச்சர் தனி ஆள். “எக்கா, ஒத்த ஆளுக்கும் அஞ்சு பேருக்கும் ஒரே காசா? இது எந்த ஊரு ஞாயம்?” என்று கேட்டார்கள். கேட்டது சரிதான்.

மீட்டர் வைத்துக் காசு வாங்குவதென்றால் வீட்டுக்காரர் முதலில் என்னென்ன செய்து கொடுக்க வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் என் மகன் காட்வின் அனுப்பியிருந்தான். அவன் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதுதான் விதியாம். ஒழுகும் குழாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாய் முனையில் சல்லடை மாட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடினால் மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாடகைக்காரரிடம் தண்ணீருக்குத் தனியாகக் கேட்கலாம். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. வாஷர் எல்லாம் புதிது, சல்லடை எல்லாம் புதிது. நான்கு மீட்டர் முன்னாலும் குனிந்து பார்த்துவிட்டேன். முள் நின்றது.

என் சார்பில் இரண்டு சேர்த்தேன். குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகக் கூடாது. இரண்டு முறை சொல்லியும் தண்ணீரைக் குறைக்காதவர்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும்.

“பத்துக் கட்டளைக்கு மேல போயிராம பாத்துக்கோ பாக்கியம்,” என்றார் என் கணவர்.

ஜனவரி 12, திங்கள்

மாதர் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். மீட்டரைக் காட்டினேன். எல்லோரும் மெச்சினார்கள். பெருமைக்காகக் காட்டவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் அளவு எடுத்தேன். மூன்றாம் வீட்டுத் தையல்காரர் சுடலைமுத்து குடும்பத்தில் ஐந்து பேர், அங்கேதான் அதிகம். இரண்டாம் வீட்டில் துறைமுகத்தில் வேலைபார்க்கும் பையன்கள் இருவர். ஊரில் இருப்பதே பாதி நாள். கடைசி வீட்டு மாரிசெல்விக்கும் லில்லி டீச்சருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாரிசெல்வியின் புருஷன் முத்துக்குமார் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் ஒரு நாள் வருவான். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

ஆனால் லாரி வருவது குறையவில்லை. நாளெல்லாம் குழாயில் தண்ணீர் நின்றால் நாளெல்லாம் செலவழியத்தான் செய்யும். படிக்கட்டடியில் இருக்கும் வால்வை இனி நானே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் திறப்பேன். மற்ற நேரம் பூட்டு. சாவி என் இடுப்பில்.

பிப்ரவரி 11, புதன்

லாரி குறைந்துவிட்டது. ஸ்தோத்திரம். மிளகாய் காயப்போட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து தவ நாட்கள் தொடங்கிவிட்டன. மதியம்வரை உபவாசம். இந்த நாற்பது நாளும் யாரையும் குறைசொல்வதில்லை என்று பொருத்தனை செய்திருக்கிறேன்.

“கடைசி வீட்டுக் குழாய் எப்பவும் தொறந்தே கெடக்கு எக்கா. எனக்கென்ன, சொல்லணும்னு தோணிச்சு,” என்றார்கள் லில்லி டீச்சர். போய்ப் பார்த்தேன். குழாய் திறந்திருந்தது. கீழே வெறுங்குடம்.

“ஏ செல்வி, இது என்ன பழக்கம்?”

“தண்ணி வாரது தெரியணும்லா பெரியம்மா. மொதல்ல புஸ்ஸுன்னு சீறும், பொறவு இருமும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளேருந்து எந்திச்சு வாரேன். குழாயடியிலயே குத்தவச்சு இருக்க இடுப்பு தாங்கல.”

“சத்தம் கேக்கதுக்குத் தண்ணியைத் தொறந்து விடுவாவளா?”

“தண்ணி எங்க வருது? மேல உள்ள மூணு வீடும் பிடிச்சு முடிச்சபொறவு எங்களுக்கு நூல் மாதிரி வருது.”

வாய்க்குக் குறைவில்லை. இதை முதல் எச்சரிப்பாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது குறைசொல்வதில் சேராது.

மார்ச் 2, திங்கள்



இரண்டாம் அளவு. லில்லி டீச்சர் வீட்டில் முன்பைவிடப் பாதிகூட இல்லை; ஆலயத்தில் வைத்து எல்லோருக்கும் சாட்சியாகச் சொல்லலாம், அப்படிப்பட்ட சிக்கனம். மற்ற இரு வீட்டிலும் நன்றாகக் குறைந்திருக்கிறது. கடைசி வீட்டில் ஏறியிருக்கிறது. ஐந்து பேர் இருக்கும் தையல்காரர் வீட்டையும் தாண்டி ஏறியிருக்கிறது. ஒற்றைப் பெண்.

மாலைத் தண்ணீர் நேரத்தில் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். லில்லி டீச்சர் வாசலில் நின்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

“உள்ள என்னட்டி செய்யுத இவ்வளவு தண்ணியை?”

மாரிசெல்வி மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நான் ஒண்ணும் செய்யல பெரியம்மா. குளிக்க ஒரு வாளி. துணிக்கு ஒரு வாளி. அவ்வளவுதான்.”

“நீச்சக்குளம் எதுவும் வெட்டிருக்கியா?” என்றார் சுடலைமுத்து. பையன்கள் சிரித்தார்கள்.

“பின்சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருக்குல்லா,” என்றார்கள் லில்லி டீச்சர், யாரிடமும் சொல்லாததுபோல. “அவனுக்கும் தண்ணி வேணும்லா.”

மாரிசெல்வி முகம் கறுத்துவிட்டது. “டீச்சர், நான் தண்ணி விக்கேன்னு சொல்லுதீங்களா?”

“நான் உன் பேரையே எடுக்கல.”

“பேரு வேற எடுக்கணுமா?”

குற்றம் இல்லாதவள் அவ்வளவு கோபப்படுவாளா? இரண்டாம் எச்சரிப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். அதன்பின் அவளிடம் யாரும் பேசவில்லை. அவளும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் விடுவதால்தான் இந்த ஆட்டம். நாளை முதல் அரை மணி, அரை மணியாக ஒரு நாளைக்கு நான்கு முறை. திறப்பது தெரியாமல் திறப்பேன், தெரியாமல் மூடுவேன்.

மார்ச் 3, செவ்வாய்

நான்கு முறை படிக்கட்டுக்குப் போய் வந்ததில் முழங்கால் வலி. இதுவும் ஒரு ஊழியம்தான்.

மார்ச் 6, வெள்ளி

காட்வின் அனுப்பிய விதியில் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கலாம் என்று இருக்கிறது. முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. சொன்னால் மாரிசெல்வி மறைத்துவிடுவாள் என்று சொல்லாமல் போனேன்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம், இரண்டு குடம், இரண்டு வாளி. டிரம்மைத் தட்டினேன்; வெறுமையாகச் சத்தம் கேட்டது. பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் துடைத்துக் கவிழ்த்திருந்தாள். கழுவின ஈரமே இல்லை. மூலையில் துவைக்காத துணி குவிந்து கிடந்தது. கழுநீரை ஒரு சட்டியில் பிடித்து வைத்து அதில் கால் கழுவுகிறாள் போலிருக்கிறது. பின்சுவரில் ஓட்டை ஏதும் இல்லை; டியூப் ஏதும் இல்லை.

“பாத்துட்டீங்களா பெரியம்மா?” என்றாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் அகப்படவில்லை. நான் வருவேன் என்று யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் எங்கள் வீட்டுக் குடம் ஒன்றைக் காணவில்லை. பிறகு இருந்த இடத்திலேயே இருந்தது. என் கணவரின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. முருங்கைக்கு ஊற்றினாராம். முருங்கை மூட்டில் மண் வறண்டுதான் கிடந்தது. வெயில் அப்படி.

மார்ச் 14, சனி

இந்த மாதம் இதுவரை வந்த லாரித் தண்ணீரையும் நான்கு மீட்டரின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மீட்டர்க் கணக்கு லாரியைவிட அதிகம் வருகிறது. தொட்டிக்கு வராத தண்ணீர் எப்படிக் குழாயில் போகும்? மறுபடி கூட்டினேன். அதே தொகை. எங்கோ ஒரு லாரியைக் குறிக்க விட்டிருப்பேன். தலைவலி வந்துவிட்டது. நோட்டை மூடிவிட்டு மீன் கழுவப் போனேன்.

மார்ச் 16, திங்கள்

பதினைந்து நாளில் கடைசி வீட்டு மீட்டர் போன மாதம் முழுக்க ஓடியதைவிட அதிகம் ஓடியிருக்கிறது. நான் வால்வைக் குறைக்கக் குறைக்க அவள் ஏற்றுகிறாள். இது தண்ணீர்ச் செலவு இல்லை. இது எனக்கு எதிராகச் செய்யும் பிடிவாதம்.

முத்துக்குமார் வந்திருந்தான். கூப்பிட்டு, மாதக் கடைசியில் காலிசெய்துவிடும்படி சொன்னேன்.

“மீட்டர் என்ன சொல்லுதோ அந்தக் காசைத் தாரேன் பெரியம்மா. ரெண்டு மாசம் மட்டும் விடுங்க. எட்டு மாசப் புள்ளத்தாச்சி. இந்த நேரத்துல வீடு மாத்தக் கூடாதும்பாவ. மாத்தணும்னாலும் நெறமாசக்காரிக்கு எவன் வீடு தருவான்?”

அவன் சொன்னது உண்மைதான். என் மாமியார் காலத்தில் நாங்களே அப்படி இரண்டு பேருக்கு வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

“காசு பெருசில்ல தம்பி. விதின்னு ஒண்ணு வச்சாச்சு. உனக்கு விட்டா நாளைக்கு டீச்சர் கேப்பாவ.”

மாரிசெல்வி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அவுககிட்ட கெஞ்சாத,” என்று அவனிடம் சொன்னாள். “தண்ணிக் கள்ளின்னு பேரு வச்சாச்சு. இனி ரெண்டு மாசம் இருந்தா என்ன, போனா என்ன.”

இரவு என் கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ரசம் சரியில்லையா என்று கேட்டேன். இல்லை, நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

ஆராதனையில் குருவானவர் கள்ளத் தராசைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். எங்கள் தெரு முனையில் காய்கறி விற்கும் ஆளை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

போய்விட்டார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை. முத்துக்குமாரின் அக்காள் வீட்டுக்குப் போகிறார்களாம். தட்டுமுட்டுச் சாமானை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். அட்வான்ஸில் தண்ணீர்க் காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வண்டியின் முன்னால் ஏற முடியாமல் மூன்று முறை முயன்றாள். என் கணவர் முக்காலியைக் கொண்டுபோய் வைத்தார்.

வளவில் யாரும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

உயிர்த்தெழுந்த பண்டிகை. அதிகாலை நான்கு மணி ஆராதனைக்குப் போனோம். மட்டன், ஆப்பம். காட்வின் போனில் பேசினான். மீட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நாளை ஒரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது. கடைசி வீட்டைக் கழுவிவிடலாம் என்று காலையில் போனேன். குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டு, என் கணவரை வால்வைத் திறக்கச் சொல்லிச் சத்தம் கொடுத்தேன்.

சீறியது. பாம்புபோலச் சீறியது. வாளிக்குள் ஒரு சொட்டு இல்லை. கையை நீட்டினேன், காற்று அடித்தது. மேலே மீட்டரில் சிவப்பு முள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிச் சக்கரத்தில் எண் மாறியது. மறுபடி மாறியது. அதன்பின் குழாய் இருமியது. அதன்பின் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததும் முள் மெதுவாகிவிட்டது.

தரையைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

அரிசி ஊறப்போட வேண்டும். மாவு தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 8, புதன்

வீடு பார்க்க வந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். வெள்ளையடிக்க வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மறுபடி பார்த்துவிடுவோம் என்று, வளவில் ஆட்கள் இல்லாத மதிய நேரத்தில் என் கணவரை வால்வடியில் நிறுத்தினேன். மூடச் சொன்னேன், திறக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வால்வை மூடினால், சரிவில் கிடக்கும் குழாயில் உள்ள தண்ணீர் முழுக்க, திறந்திருக்கும் கடைசி வீட்டுக் குழாய் வழியே வடிந்துவிடுகிறது. குழாய் வெறுமையாகிவிடுகிறது. திறந்தால் அந்தக் காற்று முழுக்கக் கடைசி வீட்டு மீட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை திறந்தால் ஒருமுறை காற்று. ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்தால் நான்கு முறை.

லில்லி டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர்கள் வாசல் குழாயையும் திறந்து வைத்துப் பார்த்தேன். வால்வை மூடும்போது அங்கே காற்று உள்ளே இழுபடுகிறது. முள் பின்னோக்கிப் போகிறது. நான் மூடும்போதெல்லாம் அவர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

காட்வினின் விதி எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். குழாயை மூடினால் முள் நிற்க வேண்டும் என்று இருந்தது, நின்றது. வால்வை மூடி மூடித் திறக்கலாமா என்று அதில் ஒன்றும் இல்லை. அவன் கட்டிடத்தில் அப்படி யாரும் செய்ய மாட்டார்களாக்கும்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?” என்று கேட்டேன்.

“மீட்டரைப் பத்தி எனக்கு என்ன தெரியும். அந்தப் பிள்ள வீட்டுல தண்ணி இல்லைன்னு தெரியும்.”

“சொல்லிருக்கலாம்லா.”

“சொல்லிருந்தா அதுக்குக் கணக்கு எங்கன்னு கேட்டிருப்ப.”

வால்வைத் திறந்துவிட்டுப் பூட்டைக் கழற்றி வந்தேன்.

ஏப்ரல் 11, சனி

முத்துக்குமாரின் அக்காள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஒற்றை அறை வீடு. வராந்தாவில் சேலையைக் கட்டி மறைத்து, அதற்குள் மாரிசெல்வியின் கட்டில். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

கழித்த காசு முழுவதையும் கட்டில்மேல் வைத்தேன். மீட்டரில் ஒரு சிறு கோளாறு என்றேன்.

“என்ன கோளாறு பெரியம்மா?”

சொன்னேன். காற்று என்று சொன்னேன்.

“மீட்டர்ல கோளாறு இல்லையே,” என்றாள். “வால்வை நீங்கதான மூடினீங்க.”

“ஆமா.”

“வீட்டை வேற ஆளுக்கு விட்டாச்சா?”

“இல்ல. நீ வந்துரு. இன்னைக்கே வண்டி சொல்லுதேன்.”

சேலைக்கு அந்தப் பக்கமிருந்து அக்காள்காரி பேசினாள். “ஒம்பதாம் மாசத்துல இன்னொருக்க பொட்டி படுக்கையைத் தூக்கவா? ஒருக்கத் தூக்க வச்சது காணாதா? பெத்துப் பொழைச்சு வரட்டும், பொறவு பாப்போம்.”

காசை மாரிசெல்வி எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். வாங்க மாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஏன் வாங்காமல் இருக்க வேண்டும்?

“பெத்தபொறவு வாரேன். எங்களுக்கும் வேற எடம் இல்ல,” என்றாள். “ஆனா தண்ணிக் கள்ளியா வரமாட்டேன். எங்க வச்சுக் கேட்டீங்களோ அங்க வச்சுச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

“நீ எப்படி வருவ இந்த நெலமையில?”

“ஆட்டோவுல வாரேன். வந்து கேட்டுட்டுப் போறேன். பொட்டி தூக்காம வந்தா ஒண்ணும் ஆகாது, இல்லியா மைனி?”

அக்காள்காரி சேலையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெபித்தேன். லில்லி டீச்சர் முன்னால், அந்தப் பையன்கள் முன்னால் என்றால் எப்படி? வீட்டுக்காரி என்று ஒரு மதிப்பு இருக்கிறது. தனியாக டீச்சரிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். ஜெபத்தில் எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

மாலையில் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, பூட்டிக் கிடக்கும் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றாள். என் கணவர் நாற்காலி போட்டார். உட்கார்ந்தாள். எல்லோரையும் நான் முன்பே வரச் சொல்லியிருந்தேன். சுடலைமுத்து கழுத்தில் அளவு டேப்போடு வந்தார்.

லில்லி டீச்சர் வீட்டு வாசலில் நின்றுதான் பேசினேன். அங்கிருந்துதான் அன்றும் பேசினேன். கடைசி வீட்டு மீட்டரில் ஓடியது தண்ணீர் இல்லை, காற்று என்றேன். நான் வால்வை மூடித் திறந்ததால் வந்த காற்று. அந்தப் பிள்ளை தண்ணீரை வீணாக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

“அப்பம் காத்துக்கா எக்கா பில்லு போட்டீங்க?” என்றார் சுடலைமுத்து. பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஆமா.”

“என் மீட்டர் சரியாத்தான இருக்கு?” என்றார்கள் லில்லி டீச்சர்.

“உங்க மீட்டர் பின்னால ஓடிருக்கு டீச்சர். நீங்க பிடிச்சதுல பாதிதான் அதுல இருக்கு.”

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. “நான் ஒரு நாளும் யாரையும் பேரு சொல்லிக் குத்தம் சொன்னதில்ல,” என்றார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இனி வால்வு நாளெல்லாம் திறந்திருக்கும். மீட்டரைக் கழற்றிவிட்டுப் பழையபடி நான்காக வகுத்து, தனி ஆளுக்குக் குறைத்து வாங்குவேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எளிதாக இருந்தது. குரலும் நன்றாக வந்தது. முடிந்தது என்று நினைத்து உள்ளே போகத் திரும்பினேன்.

“பெரியம்மா.”

மாரிசெல்வி நாற்காலியிலிருந்து எழவில்லை.

“மொதல்ல என்னைப் பத்திச் சொன்னீங்களே, அது இங்கன கேக்கல.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு வாசலாகக் கடந்து சரிவில் இறங்கிப் போனேன். அவள் முன்னால் நின்று, முதல் வீட்டுக்கும் கேட்கிறாற்போல மறுபடி சொன்னேன்.